கைக்கவசத்தின் உள்துணி

கை வெளியே வராது என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், பட்டறைக் கதவைச் சாத்தியது. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்ற பயம். வில்லியனூரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் யாரும் பாக்கியில்லை. ஆனால் அதெல்லாம் நானாக விரும்பிக் கொடுத்த சிரிப்பு. இது அப்படி இல்லை.

என் வலது கையில் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய போர்க் கைக்கவசம். மணிக்கட்டில் தொடங்கி முழங்கையைத் தாண்டி நீளும் இரும்பு ஓடு. அதன் மேல் கொடியும் பூவுமாகத் தங்க வேலை. இரும்பில் மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கக் கம்பியை வைத்துத் தட்டித் தட்டிப் பிடிக்கவைத்திருப்பார்கள். மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தகடு கீலில் மடங்கும். அதை மூடி ஓர் ஆணியைச் செருகினால் கையோடு கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எந்த ஊர்ப் படைவீரன் போட்டதோ தெரியாது. பூக்களுக்கு நடுவே ஒரு வாள்வெட்டுத் தழும்பு இருக்கிறது. அவன் கை தப்பித்திருக்கிறது. எனக்கு அந்த யோகம் இல்லை. ஆணி சுலபமாக இறங்கியது, ஏற மறுத்தது.

இதை நான் ஏன் மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கிறுக்கன் என்று முடிவு செய்துவிடுவீர்கள். சொன்ன பிறகும் செய்யலாம்.

கோயில் சாமிகளுக்கு வெள்ளிக் கவசம் அடிப்பது என் தொழில். தகட்டை அரக்கு மேல் பதித்து, பின்பக்கமிருந்து உளியால் தட்டி, முன்பக்கம் பூவை எழுப்புகிற வேலை. சாமி கவசத்தை எந்த மனுஷன் உடம்பிலும் வைத்துப் பார்க்க மாட்டோம். அளவு கூட நாங்கள் எடுப்பதில்லை. குருக்கள் ஈரக் காகிதத்தைச் சிலை மேல் ஒற்றி, காய்ந்ததும் எடுத்துக் கொடுப்பார். பழைய பொருட்கள் வாங்கி விற்கும் பாய் ஒருவர் ஒருநாள் கோணிப்பையில் இந்தக் கைக்கவசத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். "சாமி போடுற கவசம் அடிக்கிறவன், மனுஷன் போட்டத சரி பண்ண மாட்டியா?" என்றார். அப்படித்தான் வெள்ளிக்காரனான நான் இரும்பில் கை வைத்தேன்.

இரும்பையும் தங்கத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். உள்ளே கைக்கு மெத்தென்று இருக்க ஒரு துணி மெத்தை வேண்டும். பழையது பூச்சி அரித்துப் போயிருந்தது. ஓட்டின் ஓரம் முழுக்கத் தையலுக்கென்றே சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், சிவப்பு வெல்வெட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கைய நீட்டுய்யா."

"எதுக்கு?"

"ராஜாவத் தேடிப் போயா அளவு எடுக்க முடியும்? இருக்கற கை இதானே."

என் கையில் அளவெடுத்து, என் கையில் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, ஊசியால் இரண்டு மூன்று தரம் குத்தவும் செய்து தைத்து முடித்தாள். "வாள் சண்டைக்குப் போனவன் இவ்ளோ கத்தியிருக்க மாட்டான்" என்றாள். பாய் அதைப் பிள்ளைச்சாவடிப் பக்கம் கடலோர விடுதி ஒன்றுக்கு விற்றார். அங்கே சுவரில் தொங்கியது. சில வருஷம் கழித்து அவள் காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

போன மாதம் விடுதியை மூடினார்கள். கவசத்தை பாய் திரும்ப வாங்கி என்னிடம் கொண்டுவந்தார். கடல் காற்றில் உள்துணி ஈரம் குடித்து, இரும்பு உள்ளிருந்து துருப்பிடித்திருந்தது. விட்டால் துரு மேலே வந்து தங்கத்தைத் தள்ளிவிடும். "துணிய எடுத்துக் கடாசிட்டு, துருவ சுரண்டி, புதுசா ஒண்ணு வெச்சுக் குடு. பெங்களூர்ல ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் தைத்த துணி என்று அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவள் தைத்த ஜாக்கெட்டெல்லாம் தெருவில் யார் யார் உடம்பிலோ இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்க்க முடியுமா? உதை விழும். எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது இது ஒன்றுதான். பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு தரம் கையை விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாய் வருகிறேன் என்று சொல்லியிருந்த அதே மத்தியானத்தில்தான் தோன்றவும் தோன்றியது.

கை உள்ளே போனது. முன்பு தளர்வாக இருந்த இடமெல்லாம் இறுகிப் பிடித்தது, நான் பெருத்திருக்கிறேன். அந்த இறுக்கம் பிடித்திருந்தது. அதனால்தான் ஆணியையும் செருகினேன். பிறகு ஆணி துருவில் சிக்கியது.

இடுக்கியை இடது கையால் பிடித்து ஆணியை இழுத்தேன். இடுக்கி வழுக்கி ஒரு தங்கப் பூவின் ஓரத்தை உரசியது. என் உயிர் போய்த் திரும்ப வந்தது. தேங்காய் எண்ணெயை எடுத்தேன். மூடியைத் திறந்த பிறகு, எண்ணெய் பட்டால் வெல்வெட் கெட்டுவிடும் என்று வைத்துவிட்டேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் ரத்தம் இறங்கும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. தூக்கினேன். சத்தியப் பிரமாணம் எடுக்கும் மந்திரி போல நான் பட்டறை நடுவில் நின்றபோது பாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, சண்டையா?"

"ஆணி வரல பாய்."

"உன்ன யாரு மாட்டச் சொன்னது? சாமி கவசத்தயும் இப்டித்தான் மாட்டிக்கினு ஆடுவியா?"

"பாய், வெரலு மரத்துப் போச்சு."

அப்போதுதான் அருகில் வந்தார். விரல்களை அழுத்திப் பார்த்தார். நீலம் பாய ஆரம்பித்திருந்தது. அவர் முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

"பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. கட்டர் வெச்சு அறுத்துருவாங்கோ."

"கையயா?"

"தகட்டபா. தங்க வேல போனா போவுது."

"அய்யோ வேணாம் பாய்."

"அப்ப அந்தத் துணிய அறு. பஞ்சு போச்சுன்னா எடம் கெடைக்கும், கை தானா வரும். எப்டியும் எடுக்கப் போறதுதானே." மேஜையிலிருந்த கத்தரியை எடுத்துவிட்டார்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மிட்டாய் ஒளிக்கிற பிள்ளை மாதிரி. ஐம்பதைத் தாண்டிய மீசைக்காரன்.

"அத்த அறுக்காத பாய். அது அவ தைச்சது."

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். "சரி. அறுக்க வேணாம். பிரிப்பம். எங்க முடிச்சு போட்டிருக்கா, பாரு."

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எப்போதும் கடைசி முடிச்சை உள்பக்கம் திருப்பி மறைப்பாள், அதன் மேல் சும்மா ஒரு தையல் போடுவாள். முழங்கைப் பக்கம் ஓரத்தைத் தடவியபோது நகத்தில் தட்டியது. ஊசி முனையால் முடிச்சை இளக்கினேன். பாய் கவசத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஓட்டை ஓட்டையாக நூலை உருவினேன். அவள் போய் முடித்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்கு நான் பின்னோக்கி நடந்தேன். நடுவில் ஓர் இடத்தில் தையல் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தது. யார் மேலேயோ கோபம். அந்த யார் நானாகத்தான் இருக்கும்.

"அழாதபா, நூலு கண்ணுக்குத் தெரிய வேணாமா" என்றார் பாய்.

வெல்வெட்டின் ஒரு பக்கம் திறந்ததும் மெத்தைக்கு வைத்திருந்ததை இழுத்தேன். பஞ்சு வரவில்லை. துணி வந்தது. பட்டை பட்டையாகக் கிழித்து மடித்து அடுக்கிய நீலக் கட்டம் போட்ட துணி. ஈரத்தில் சாயம் மங்கியிருந்தாலும் அடையாளம் தெரிந்தது.

அது என் லுங்கி. கொடியில் காயப்போட்டதைக் காணோம் என்று நான் தெருவெல்லாம் தேடி, பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போய், அவனோடு பேச்சையே நிறுத்திய லுங்கி. காற்று தூக்கிச் சங்கராபரணி ஆற்றில் போட்டிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவள் அவள்தான். சோறு போட்டுக்கொண்டே, கண் இமைக்காமல் சொன்னாள்.

பாய் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "ராஜா கவசத்துக்குள்ள லுங்கியா! வெளிநாட்டுக்காரன்லாம் அது முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கினான்பா!"

நானும் சிரித்தேன். இடம் கிடைத்ததில் கை வழுக்கி வெளியே வந்ததைக் கூட உடனே கவனிக்கவில்லை. விரல்களில் ரத்தம் ஓடி எறும்பு கடிப்பதுபோல் கடித்தது. ஊரையே கேலி பண்ணுகிறவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த அத்தனை வருஷமும் அவள் இதை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். நான் பதிலுக்கு ஒன்று செய்ய வேண்டும். செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

துருவைச் சுரண்டி எடுத்தேன். புது வெல்வெட்டை நானே தைத்தேன், குடித்துவிட்டு நடந்தவன் கால்தடம் போல. பாய் குறை சொல்லவில்லை. பழைய வெல்வெட் தொட்டதும் பொடிந்தது, அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. லுங்கிப் பட்டைகளைத் துவைத்து வெயிலில் காயவைத்தேன். ஒன்றை மட்டும் மடித்து, மணிக்கட்டு வரும் இடத்தில் பஞ்சுக்கு நடுவே வைத்துத் தைத்துவிட்டேன். மற்றது என்னிடம் இருக்கிறது.

வண்டியில் ஏற்றும்போது பாய் கேட்டார், "உள்ள இன்னா வெச்ச?"

"பஞ்சு பாய்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கண் இமைக்காமல் சொல்ல எனக்கு வரவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பாள்.