வாயோரம் துடைத்த கை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து திருக்கோவிலூர் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். போன ஈஸ்டர் முடிந்த வாரம் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு குழறியது. என்னை அறியாமல் எச்சில் ஒழுகும். ஒருநாள் அது சாப்பாட்டுத் தட்டில் விழுந்தபோது என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையை மறைக்கத் திருப்பியிருக்கிறாள். எனக்கோ அவள் அருவருப்பதாகத் தெரிந்தது. அன்றோடு யார் முன்னாலும் சாப்பிடுவதை விட்டேன். ஆலயத்துக்கும் போகவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, "சுகம் கொடும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று அழுதேன். சரியாகச் சாப்பிடாமல் உடம்பு பாதியாக இளைத்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் சபையைச் சேர்ந்த தையல்காரர் சாமுவேல் ஒருநாள் காலையில் வந்தார். "வாங்கண்ணே, டீ குடிச்சிக்கினு வரலாம்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரோ எனக்குச் சட்டை மாட்டிப் பட்டன் போட்டுவிட்டார். கடையில் எல்லார் முன்னாலும் டீ என் வாயோரம் வழிந்தது. பேச்சை நிறுத்தாமலே தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் நான் கதவைத் திறக்கவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

"எதுக்குப்பா டெய்லி வந்துக்கினு இருக்க?" என்று உள்ளிருந்தே குழறினேன்.

"எனக்கு நீட்டி ஜெபம் பண்ண வராதுண்ணே. ஏசப்பாவ நெனச்சிக்கினு வந்து நிக்கிறேன். அவ்ளோதான்."

கதவைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு மழையிலும் வந்தார். அரசு மருத்துவமனைக்குக் கைப்பயிற்சிக்கும் கூட்டிப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். கை இன்னும் முழுதாக எழவில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பை ஆண்டவர் எடுத்துப்போட்டார்.

இப்போது மருத்துவமனையில் என்னைப் போன்றவர்களுக்கு டம்ளர் பிடித்துக் கொடுக்கிறேன். போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவரின் வாயைத் துடைத்தேன். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கும் இப்டிதான் ஒழுவும்ணே," என்றேன். பிறகு கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

என் வெட்கம் முழுதாகப் போய்விடவில்லை. அதோடேதான் தினமும் அங்கே போகிறேன். அற்புதத்துக்காகக் காத்திருக்கிறவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் அனுப்புகிற ஆள் ஒரு சின்ன வேலையைச் செய்யத்தான் வருவார். செய்ய விடுங்கள்.