தங்கராசு நிறுத்திய படம்

தங்கராசுக்கு வலது புருவம் கிடையாது. கடலூர் ஓ.டி. என்னும் பழைய நகரில் ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், பிலிம் மெஷினுக்குள் மாட்டித் தீப்பிடித்ததில் போனது. கடைசிவரை முளைக்கவில்லை. திரையில் படம் அசையாமல் நின்றால், பிலிம் மாட்டிவிட்டதென்று கண் இமைப்பதற்குள் விளக்கை மூடும் பழக்கம் மட்டும் மிஞ்சியது.

மனைவி லோகநாயகி நடனம் அமைப்பவர். புராணக் கதைகள் அல்ல. நாற்று நடுவது, வலை இழுப்பது, ரயிலுக்குக் காத்திருப்பது. "இதப் பாக்க எதுக்கு மேடை? வயல்லயே பாத்துக்கலாமே" என்று ஊர் கேலி செய்தது. தங்கராசு கேலி செய்ததில்லை. பார்த்திருந்தால்தானே செய்வதற்கு! மனைவி மேடையேறும் நேரத்தில்தான் கொட்டகையில் முதல் ஆட்டம். கல்யாணமானதிலிருந்து ஒரு நடனத்தைக்கூட அவர் முழுதாகப் பார்க்கவில்லை. அந்தக் குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் பம்பாயிலிருந்து சிலர் வந்து லோகநாயகியைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுத்தார்கள். அண்ணாமலை நகரில் ஒரு மண்டபத்தில் அதைத் திரையிட்டு அவரைப் பாராட்ட ஏற்பாடு. மெஷினைத் தானே ஓட்டுவதாகத் தங்கராசு பிடிவாதம் பிடித்தார்.

"பாக்கணும்னா முன்வரிசையில வந்து குந்துங்களேன், மாமா."

"எவனோ ஓட்டி நீ கருகிப்போறதுக்கா?"

படம் ஒழுங்காகத்தான் ஓடியது. கடைசியில், கிள்ளை என்ற கடலோர ஊர்ப் பெண்ணின் நடனம். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் கரைக்கு வந்து நிற்கிறாள். பின்னால் வெறும் கறுப்புத் துணி. மேளம் ஓய்ந்தது. லோகநாயகி நின்றார். விரல்கூட ஆடவில்லை.

தங்கராசு டக்கென்று விளக்கை மூடினார். மண்டபம் இருண்டது. விசில் பறந்தது.

"இன்னா ஆச்சு மாமா?" முன்வரிசையிலிருந்து லோகநாயகியின் குரல்.

"பிலிம் மாட்டிக்கிச்சு லோகா! யாரும் கிட்ட வராதீங்க!"

"ஒண்ணும் மாட்டல. நான்தான் நிக்கிறேன்."

"நிக்கிறியா? எதுக்கு?"

"அதான் நடனம்."

மண்டபமே சிரித்தது. "அண்ணே, இன்னொரு புருவம் இருக்குல்ல, தைரியமா ஓட்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

தங்கராசு பிலிமைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார். இந்த முறை லோகநாயகி மெஷின் பக்கத்திலேயே வந்து நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் அசையிற வரைக்கும் விடமாட்டேன்."

மேளம் ஓய்ந்தது. திரையில் அவர் நின்றார். பிடிக்குள் தங்கராசின் கை விளக்கை மூடப் பார்த்தது, பிறகு அடங்கியது. எப்போதும் மெஷினையே பார்க்கும் மனிதர் திரையைப் பார்த்தார்.

விளக்குக்குள் எரியும் கார்பன் குச்சிகளை அவ்வப்போது நெருக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கும். தங்கராசுக்கு அது நினைவே இல்லை. படம் மஞ்சளானது, பழுப்பானது. கிள்ளையில் பொழுது சாய்கிறது என்று எண்ணி மண்டபம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது.

லோகநாயகிக்கு விஷயம் புரிந்தது. கையை விட்டார். "மாமா, கார்பன்! கார்பன்!"

தங்கராசு திரும்பவில்லை.

"சும்மா இரு லோகா. நீ இன்னும் அசையல."