மாப்பிள்ளைக்கு அனுபவச் சான்று

1. சான்ஸ் சொல்லும் வேலை

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்போம். பாடம் நடத்துவது மற்றவர்கள் பாடு. என் வேலை ‘ப்ரொஃபைல்’ பார்ப்பது. வருகிறவரின் மார்க், வயது, வேலை அனுபவம் மூன்றையும் பார்த்து, எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று சொல்ல வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அதனால் அழுதுகொண்டு படியிறங்கியவர்கள் உண்டு, திட்டிக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு.

தயாளன் வந்தது வைகாசித் திருவிழா சமயத்தில். தெருவை அடைத்துவிட்டதால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். வயது முப்பத்தொன்பது. மாணவர்கள் அவரை யாரோ பையனின் அப்பா என்று நினைத்து எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அவர் பரீட்சையே எழுதி முடித்துவிட்டு வந்திருந்தார். மார்க்கைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் சென்டரில் அந்த வருடம் யாரும் அவ்வளவு வாங்கவில்லை.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“வாலாஜாபாத்ல ரைஸ் மில்லு மேடம். பதினாறு வருசமா நான்தான் பாத்துக்கினு இருக்கேன்.”

கருப்பரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷின் போட்டது, தவிட்டை எண்ணெய்க் கம்பெனிக்கு நேராக விற்க ஏற்பாடு செய்தது, நஷ்டத்தில் கிடந்த மில்லைத் தூக்கி நிறுத்தியது எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வருட எம்.பி.ஏ.வுக்கு இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறார்கள். எனக்கே உற்சாகமாகிவிட்டது.

“சாலரி ஸ்லிப், அனுபவச் சான்று இரண்டும் கொண்டு வாங்க.”



“மில்லு எங்க மாமனாரோடது மேடம். எனக்கு சம்பளம்லாம் கிடையாது. வீட்டுக்கு வேணுங்கறத அவரே பாத்துக்குவாரு.”

“பார்ட்னரா?”

“இல்ல. மாமாவும் என் மச்சினனும்தான் பார்ட்னர்.”

காகிதத்தில் அவர் வேலையே பார்க்காத முப்பத்தொன்பது வயது ஆள். “சான்ஸ் ரொம்பக் கம்மி” என்று அப்போதே சொல்லிவிட்டேன். மேனேஜர் என்று மாமனார் ஒரு கடிதம் கொடுத்தால் ஓரளவுக்குப் போராடிப் பார்க்கலாம் என்றேன்.

“கேக்கறேன் மேடம். மாமா இருக்கறவரைக்கும் ஒரு கவலையும் இல்ல. அதுக்கப்புறம் மில்லு மச்சினன் கைக்குப் போய்டும். அவன் கிட்ட கை நீட்டிக்கினு நிக்க என்னால ஆகாது. அதுக்குள்ள எங்கனா ஒரு வேலைல உக்காந்துடணும்.”

2. மாமனார்

கடிதம் வரவில்லை, மாமனாரே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். கெட்ட மனிதர் இல்லை. அப்படி இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டாவது என் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

“மாப்பிள்ளைய வேலைக்கு வச்சிருந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களாம்மா? ஊர்ல நான் தலை நிமிந்து நடக்க முடியுமா?”

“சம்பளத்தைப் பத்தி எழுத வேண்டாம் சார். மேனேஜர்னு மட்டும் எழுதுங்க.”

“மேனேஜர்னா நாளைக்கே வேணாம்னு அனுப்பலாம்மா. மாப்பிள்ளைய அனுப்ப முடியுமா?”

அவர் அதை மனதாரச் சொன்னார். பக்கத்தில் தயாளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாமனார் ஒரு கடிதம் எழுதித்தான் கொடுத்தார். ‘தயாளன் எனக்கு மகனைப் போன்றவர். என் மில்லே அவருடையதுதான்.’ அவ்வளவு அன்பான, அவ்வளவு உதவாத கடிதத்தை நான் பார்த்ததில்லை.

மார்க்குக்காக ஒரே ஒரு காலேஜ் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. போய்விட்டு வந்து தயாளன் சொன்னார்.

“டெசிக்னேஷன் என்னன்னு கேட்டாங்க. மாப்பிள்ளன்னேன். அப்ப இத்தினி வருசமா வேலையில்லாம இருந்தீங்களான்னாங்க. கிண்டல் பண்ணல மேடம், மரியாதையாத்தான் கேட்டாங்க. எனக்குத்தான் பதில் தெரியல.”

இடம் கிடைக்கவில்லை.

3. மச்சினன்

மூன்று வருடம் கழித்து தயாளன் மறுபடியும் வந்தார். கூட அவர் மச்சினன் கிஷோர், இருபத்தைந்து வயது. அதே ஒரு வருட எம்.பி.ஏ.வுக்குத்தான். மார்க் சுமார்.

ஃபைலைத் திறந்தேன். ரைஸ் மில் மேனேஜர், ஏழு வருட அனுபவம், வருடா வருடம் சம்பளக் கணக்கு, அப்பாவின் கையெழுத்தோடு சான்று. பையன் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, வரிக்காக ஆடிட்டர் அவன் பெயரில் சம்பளம் எழுதி வந்திருக்கிறார். சாதனைகள் என்ற இடத்தில் கலர் சார்ட்டர் இருந்தது, தவிடு வியாபாரம் இருந்தது.

தயாளனை நிமிர்ந்து பார்த்தேன். “இதெல்லாம் நீங்க செஞ்சது” என்றேன்.

கிஷோர் தலையைக் குனிந்துகொண்டான். “மாமா, வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்” என்று முனகினான்.

“சும்மா இருப்பா” என்றார் தயாளன். “எனக்குத்தான் ஆவல, இவனுக்காவது ஆவட்டும் மேடம். சான்ஸ் எப்படி இருக்குது?”

“இண்டர்வியூல மெஷினைப் பத்தித் துருவிக் கேட்டா என்ன பண்ணுவான்?”

“நான் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன்.”

இதை வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்க மாட்டேன், வேறு இடம் பாருங்கள் என்று ஃபைலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கோபப்படவில்லை. “எழுத வேணாம். வாயாலயாவது சொல்லுங்க” என்றார். அன்றைக்குச் சொன்னதைப் போலவே இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. “ரொம்ப நல்ல சான்ஸ்” என்றேன்.

கிடைத்துவிட்டது. கிஷோர் இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறான். மில்லை தயாளன்தான் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் இன்னும் கிடையாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் வந்தால் முதலில் மார்க்கைப் பார்க்காதீர்கள். சம்பளம் யார் பெயரில் ஏறுகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், சான்ஸ் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் முதல் நாளே சொன்னேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.