மதியம் திறந்திருந்த கேட்

பன்னிரண்டரை மணிக்குப் பெல் அடித்ததும் எங்கள் பள்ளியின் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிடுவார்கள். வெளியே வெயிலில் காத்திருந்த அம்மாக்கள் கேரியரும் தூக்குமாக உள்ளே வருவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்த சின்னத் தொடக்கப் பள்ளி அது. புங்க மரத்தடியில் அம்மாக்கள் வட்டமாக உட்கார்ந்து ஊட்டுவது அங்கே பல வருட வழக்கம். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிட்டு எழுந்துபோனால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் வட்டத்தைச் சுற்றி வந்து வாயைத் திறந்து நிற்கும். மூன்றாம் வகுப்பில் படித்த என் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. நான் அதே பள்ளியில் டீச்சர், மதியம் சத்துணவு வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற பெண், அங்கே பருப்பு சாதம் ஒரு வாய், தால்ச்சா சோறு ஒரு வாய், தயிர் சாதம் ஒரு வாய் என்று வெளுத்துக்கட்டுவாள். நாங்கள் கறி சாப்பிடாத வீடு; தால்ச்சாவில் கறி இருந்ததா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அப்போது எங்கெங்கோ குண்டு வெடித்த செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பெரிய ஊர்களில் நடப்பது, நமக்கென்ன என்று இருந்தோம். ஒருநாள் காலை பிரேயர் முடிந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. பள்ளியில் குண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓர் ஆண் குரல் வைத்துவிட்டது. பிள்ளைகளை எல்லாம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஓட்டினோம். போலீஸ் வந்தது, நாய் வந்தது. சத்துணவு அரிசி மூட்டை வரைக்கும் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்த மூன்று மணி நேரம் என் மகளின் கையை நான் பிடித்திருந்த பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துபோயிருந்தது.

மறுநாள் பெற்றோர் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். இனி மதியம் கேட்டைப் பூட்ட வேண்டும், சாப்பாட்டை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. முதல் கையெழுத்து என்னுடையது. டீச்சராக இல்லை, அம்மாவாகப் போட்டேன்.

எங்கள் எச்.எம். என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர். லால்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எதிலும் அவசரப்படாத மனுஷி. மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து பேசியது இவ்வளவுதான்.

"கெட்டவன் எவனும் உள்ள வரமாட்டான்னு நான் எழுதிக் குடுக்க முடியாதுங்க. பூட்டிட்டா ஒண்ணுமே நடக்காதுன்னு உங்களாலயும் எழுதிக் குடுக்க முடியாது. இந்தப் புள்ளைங்க தினம் ஒரு வேளை சிரிச்சிக்கிட்டு சாப்பிடுது. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். எவனோ போன் பண்ணினான்னு அதை நிறுத்த மாட்டேங்க."

ஒரு அப்பா, "ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்று கத்தினார். "நான்தாங்க" என்று சொல்லிவிட்டு எச்.எம். உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இவர் பிள்ளை இங்கே படிக்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து மதியம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு எச்.எம். உட்கார்ந்தார். உள்ளே வருகிற ஒவ்வொரு தூக்கின் மூடியையும் திறந்து பார்ப்பார். "நூர்ஜஹான் அம்மா, இன்னிக்கி என்ன கொழம்பு?" "என்னங்க இது, மூணாவது நாளா ரசம்? வீட்ல சண்டையா?" சோதனை என்று யாருக்கும் தோன்றாது. அம்மாக்கள் அவருக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் மனுவை எல்லோரும் மறந்துபோனார்கள். என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அந்த வட்டத்தில்தான் சாப்பிட்டாள். எச்.எம். ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருடம் கேட் திறந்தே இருந்தது.

அவருக்குப் பிறகு நான் எச்.எம். ஆனேன். இரண்டாவது வாரம் ஏதோ ஒரு நாட்டில் குண்டு வெடித்ததை நாள் முழுக்க டிவியில் காட்டினார்கள். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன். யாரும் மனு கொடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பூட்டினேன். பெற்றோர் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் பழைய எச்.எம். என்னைப் பார்க்க வந்தார். புது வாட்ச்மேன் அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து நோட்டில் பெயர் எழுதச் சொல்லியிருந்தான். நான் ஓடினேன். அவர் காலியாகக் கிடந்த மரத்தடியைப் பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. "உங்க தைரியம் எனக்கு இல்லீங்க" என்றேன்.

"தைரியமா? யாருங்க சொன்னா?" என்று சிரித்தார். "பன்னண்டரை பெல் அடிச்சாலே பயந்தான். நிக்க முடியாம கால் நடுங்கும், அதனாலதான் நாற்காலியே போட்டேன். கடைசி அம்மா வெளிய போனப்புறந்தான் எனக்கு மூச்சே வரும். தினமும் அப்படித்தான்."

பன்னிரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. பயம் இல்லாதவர் என்று அவரை ஒதுக்கி வைத்துவிட்டு, பயந்தவள் என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் என்னைப் போலத்தான் பயந்திருக்கிறார். அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார், பிள்ளைகளின் தட்டில் போடவில்லை. இதெல்லாம் புரிந்த பிறகாவது திறந்தேனா என்றால், இல்லை. நாளைக்கு, அடுத்த வாரம், அரைப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளித் தள்ளி நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன ஐப்பசியில் அவர் காலமானார்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். பெருமாளைச் சேவிக்கப் போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது, காட்டுகிறேன். சென்ற வாரம் ஒரு வேலையாகச் சத்திரம் பக்கம் போனவள், கால் போன போக்கில் பள்ளிச் சந்துக்குள் திரும்பிவிட்டேன். மதிய நேரம். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஓர் இளம் பெண் நின்று, கம்பிக்குள் கையை விட்டுத் தன் மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கம்பியில் இடித்துப் பாதிச் சோறு கீழே சிந்தியது. வாட்ச்மேன் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றான்.

அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். எங்களிடம் படித்தவள். "டீச்சர், நாங்க படிக்கறப்ப எங்கம்மா உள்ள வந்து ஊட்டுவாங்களே, உங்க பொண்ணுக்கும் சேத்து. ஞாபகம் இருக்கா? இந்தக் கேட்டை யாரு டீச்சர் பூட்டினது?"

"நான்தாம்மா" என்றேன். "எனக்குப் பயமா இருந்துச்சு."