தாழ்மை அண்ணனும் ஆயர் வீட்டு வெந்நீரும்

சபையில் அந்த பிளம்பருக்குத் ‘தாழ்மை அண்ணன்’ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். ஆராதனையில் கடைசி பெஞ்சின் ஓரம்தான் உட்காருவார். தெரியாத்தனமாக வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்று தாழ்மையாகப் புன்னகைப்பார். சனிக்கிழமை தவறாமல் கோயில் கழிப்பறையைக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அதை ஆண்டவருக்கு நினைவூட்டுவார், ஆண்டவருக்குக் காது மந்தம் என்பதுபோல.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

ஆயர் வீட்டுக் குளியலறையை அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து புதுப்பித்தார்கள். மச்சானும் பிளம்பர்தான், வாயைத் திறந்தால் தண்ணீர் கசிந்துவிடும் என்று பயந்தவன்போல அளந்துதான் பேசுவான். வேலை முடிந்து, டைல்ஸ் ஒட்டி, ஜெபமும் செய்தாயிற்று. ஆயரம்மா ஃப்ளஷை அழுத்தினார். கோப்பையிலிருந்து ஆவி கிளம்பியது. வெந்நீரெல்லாம் ஃப்ளஷ் டேங்குக்குப் போக, ஷவரில் எந்தப் பக்கம் திருகினாலும் பச்சைத் தண்ணீர்.

“யாரு மாட்டினது இதை?” என்றார் ஆயரம்மா.

மாட்டியது நம்மவர். சுவருக்குள் போகும் இரண்டு குழாயையும் மாற்றி இணைத்தது அவர் கைதான் என்று அந்த நிமிடமே அவருக்கு உறைத்தது. சொல்லவும் செய்தார். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, “யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்மா. பழி என் மேலயே இருக்கட்டும்,” என்றார்.

இதைக் கேட்டு எவர் நம்புவார்? ஆயரம்மா நேராக மச்சானை முறைத்தார். மச்சான் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

கோயிலின் புதுக் கூடத்துக்குக் குழாய் போடும் வேலை மச்சானுக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி வெளியாளைப் பார்க்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. வீட்டில் மனைவி கரண்டியும் கையுமாக நின்றாள்.

“என் தம்பி பொழப்புல மண்ணு விழப்போகுது. உண்மையைச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேனே. பழி என் மேலன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. ரத்தசாட்சி மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க. கூடப் பொறந்த நானே ஒரு நிமிஷம் தம்பிய சந்தேகப்பட்டேன்.”

ஆயரைப் போய்ப் பார்த்தார்.

“ஐயா, அந்தக் குழாயை மாத்தி மாட்டின பாவி நான்தான்.”

ஆயரின் கண் கலங்கியது. “சொந்தக்காரனுக்காக இப்படி இறங்கி வர்றீங்களேண்ணே.”

“இல்லைங்கய்யா, நெசமாவே நான்தான்.”

“போதும்ணே. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல உங்களைத்தான் உதாரணமா சொல்லப்போறேன்.”

தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். அடித்துக்கொண்ட கைக்கும் தெரியாமல் உள்ளே ஓர் இனிப்பு ஊறியது. பிரசங்கத்தில் உதாரணம்! அந்த இனிப்புத்தான் அவரைப் பயமுறுத்தியது.

வீட்டில் முழங்கால் போட்டார். வழக்கமாக அவர் ஜெபம் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அன்று ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, நான் ஒத்துக்கிட்டும் அவங்க நம்பலைன்னா நான் என்னதான் செய்யறது?” என்று சலித்துக்கொண்டார். அப்போது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மச்சான் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு, சாட்சி நேரம். அவர் எழுந்ததும் சபையே கடிகாரத்தைப் பார்த்தது.

“ஒன்றுக்கும் உதவாத இந்த ஏழை அடியேன்...”

பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி இருமினாள். அவர் நிறுத்தினார். நெஞ்சுக்குப் போன கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“ஆயர் வீட்டுக் குழாயை மாத்தி மாட்டினது நான். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தண்ணி விட்டுப் பாத்துரலாம் அத்தான்னு மச்சான் சொன்னான். எனக்கே தொழில் சொல்லித்தர்றியாடான்னு கேட்டேன். அவனை வெளிய போகச் சொல்லிட்டு, டைல்ஸ் போடுறவர்கிட்ட தாழ்மையைப் பத்திப் பேசிக்கிட்டே மாட்டினேன்.”

இந்த முறை எல்லோரும் நம்பினார்கள். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆயர் பிரசங்கக் குறிப்பிலிருந்து ஒரு தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அப்ப நீங்கதானா?” என்று ஆயரம்மா முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்த பார்வையில் வெந்நீர் தோற்றது. அண்ணனுக்குக் காது மடல் எரிந்தது. இனிப்பு எங்கும் இல்லை.

கமிட்டி கூடியது, கூடத்து வேலை மச்சானுக்கே என்றானது. வாசலில் மச்சான் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“நாளைக்கு ஆயர் வீட்டுச் சுவரை உடைக்கணும் அத்தான். வாங்க. இணைக்கிறதை நான் பாத்துக்கறேன், நீங்க டைல்ஸை அள்ளிப் போடுங்க.”

எனக்கே வேலை சொல்றியா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். “எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டார்.

வழியில் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். “இன்னைக்கு நான் சொன்னதுல ஒரு உண்மையான தாழ்மை இருந்துச்சு இல்ல?”

“ஆரம்பிச்சிட்டீங்களா?”

அவர் வாயை மூடிக்கொண்டார். அன்று சாப்பாட்டு ஜெபம் எவ்வளவு சுருக்கமாக முடிந்தது என்றால், இன்னும் நேரமிருக்கிறது என்று கண்ணை மூடியிருந்த மனைவியை அவர்தான் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. சோற்றில் ஆவி பறந்தது.