சூரியன் லீவில் போன பொங்கல்

வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்தவன் மணிக்கூட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, சூரியன் எந்த நாட்டில் என்ன செய்கிறது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அப்படியொரு கடை நடத்தினேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு பூத்துக்கு வெளியே காத்திருந்தவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

இருட்டாத ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தவர் பரமேஸ்வரி அக்கா. மகள் சுகந்தி கலியாணம் கட்டி, நோர்வேயின் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தது ஆனி மாதத்தில். முதல் கோலிலேயே அக்காவின் குரல் பூத்தின் கண்ணாடியைத் தாண்டி வந்தது. அங்கே சாமத்திலும் வெயில் எறிக்கிறதாம், மருமகன் வீட்டு வளவில் நிற்கிறாராம்.

வெளியே வந்தவரின் முகம் சரியில்லை. "தம்பி, நல்ல பெடியன் எண்டுதான் செய்து குடுத்தனாங்கள். சாமத்திலை புல்லு வெட்டுதாம். எதுக்கும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டச் சொல்லட்டோ?"

ஈர்க்கில் குத்திய தேசிக்காய்

மார்கழி பிறந்ததும் கதை மாறியது. இப்போது அங்கே பகலிலும் இருட்டு. "கரண்ட் கட்டோ, ஊரடங்கோ?" என்று அக்கா கேட்டார். இரண்டும் இல்லையென்று மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று கண் கலங்கிவிட்டார். மறைப்பது நம் ஆட்களின் வழக்கம்தானே. இங்கே குண்டு வெடித்ததை நாமும் அங்கே சொல்வதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தேசிக்காயை எடுத்து, எலுமிச்சம்பழம்தான், அதன் நடுவால் விளக்குமாற்று ஈர்க்கைக் குத்தி, மேசை லாம்புக்கு முன்னால் சரித்துப் பிடித்தேன். "இதுதான் பூமி, அக்கா. சரிஞ்சபடிதான் சூரியனைச் சுத்துது. ஆனியிலை மேல் நுனி லாம்பின்ரை பக்கம் சாயும். எவ்வளவு உருட்டினாலும் அங்கை இருட்டாது." சரிவை மாற்றாமல் லாம்பின் மறுபக்கம் கொண்டுபோனேன். "மார்கழியிலை அதே நுனி அப்பாலை போயிடும். எவ்வளவு உருட்டினாலும் வெளிச்சம் படாது. நாங்கள் இடுப்பிலை இருக்கிறம், எங்களுக்கு எப்பவும் கிட்டத்தட்ட ஒரே அளவு பகல்தான்."

பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைச் சவிரிமுத்து அண்ணன், அவுஸ்திரேலியாவிலுள்ள மகனுக்கு கிறிஸ்மஸுக்கு நத்தார் வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்றார். தேசிக்காயின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அப்ப அக்காட மகளுக்கு வரவேண்டிய வெயிலையும் சேத்து என்ட மகன்தான் காயிறான்."

பிந்தி வந்த விருந்தாளி

அக்காவுக்கு விளங்கியதுதான் தாமதம், அடுத்த தலையிடி தொடங்கியது. தைப்பொங்கல் வருகிறது. சுகந்தி கலியாணம் கட்டிய பிறகு வரும் முதல் பொங்கல். பொங்காமல் விட்டால் பிள்ளையின் வாழ்க்கைக்குக் கூடாதென்று அழுதார். சூரியனே இல்லாத இருட்டில் யாருக்குப் படைப்பது என்றும் அழுதார். எனக்கும் மனம் கஷ்டமாகிவிட்டது. கடைசியில் தாயும் மகளும் போனில் பேசி முடிவெடுத்தார்கள்: சூரியன் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குப் பொங்கல்.

தை பிறந்து சில நாள் கழித்து சுகந்தியே கடைக்குக் கோல் எடுத்தாள். நான் லொட்ஜுக்கு ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தேன். மத்தியானம் மலைக்கு மேலே சூரியன் கொஞ்ச நேரம் தலை காட்டியதாம். பனிக்குள் அடுப்பு வைத்துப் பொங்கினார்களாம், பாலும் நன்றாகப் பொங்கி வழிந்ததாம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு நாளாக் காணாமல் போன சூரியனே திரும்பி வந்திட்டுது, தம்பி. நாங்களும் ஊருக்குப் போவம்."

அக்கா எடுத்த கோல்களைக் கணக்குப் பார்த்தால், பூமி கொஞ்சம் சரிந்து நின்றதால்தான் என் கடை நிமிர்ந்து நின்றது என்று இப்போதும் சொல்வேன்.