முன்னால் புரொப்பல்லர், பின்னால் ஜெட்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலத்தில் நான் கள்ளக்குறிச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வீடு சங்கராபுரத்துக்குப் பக்கத்தில், கரும்பு விவசாயம்.

செமினாரில் ஆளுக்கொரு இன்ஜினைப் பற்றிப் பேச வேண்டும். "நீ பம்ப்செட் எடுத்துக்கோம்மா, வீட்டுல பார்த்ததுதானே" என்றார் துறைத் தலைவர். வீட்டில் பார்த்ததையே பேசவா படிக்க வந்தேன்? நூலகத்தில் ஒரு பழைய விமானப் பத்திரிகை கிடைத்தது. அதில், அமெரிக்கக் கடற்படைக்காகச் சோதனையாகச் செய்த ஒரு போர் விமானம். மூக்கில் புரொப்பல்லரைச் சுழற்றும் பிஸ்டன் இன்ஜின், வாலில் ஜெட். அதைப் பெரிய சார்ட்டில் வரைந்தேன்.

செமினார் அன்று பஸ் ஓடவில்லை. வராதவர்களுக்கு மார்க் கிடையாது என்று சொல்லியிருந்ததால் சைக்கிளில் கிளம்பினேன். வழியில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் செய்துகொண்டிருந்தார்கள்.

"எங்க போற பாப்பா? இன்னா அது சுருட்டிக்கினு?"

சார்ட்டைப் பிரித்துக் காட்டினேன். ஒருவர் குனிந்து பார்த்தார். "ஏரோப்ளேனா? நீயா வரைஞ்ச?"

"ஆமாங்கண்ணா. இன்னிக்கு இதப் பத்திப் பேசணும்."

இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை. சார்ட்டைப் பார்த்ததும் துறைத் தலைவர் சிரித்தார். "ஒதுக்கீடு கேக்கறவங்க மரம் வெட்டறாங்க. ஒதுக்கீட்டுல வந்தவங்க ஏரோப்ளேன் விடறாங்க. ரெண்டு இன்ஜின் எதுக்கும்மா? ஒண்ணு உருப்படியா இருந்தா பத்தாதா?"

சார்ட்டில் ஜெட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"அந்தக் காலத்து ஜெட் வேகமாப் பறக்கும் சார். ஆனா திடீர்னு முடுக்கினா உடனே வேகம் எடுக்காது. கப்பல் மேல எறங்கறப்போ தவறிட்டா, அந்த நொடியே மேல ஏறணும். அதுக்குத்தான் புரொப்பல்லர். இன்ஜின்ல குறை சொல்லிப் புண்ணியமில்ல சார், கப்பல்ல ஓடுற எடம் கம்மி. எங்களுக்கும் ஓட வுட்ட எடம் கம்மிதான்."

"உக்காரு" என்றார் துறைத் தலைவர்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க சார்" என்று நின்றபடியே தொடர்ந்தேன். ஒருமுறை கப்பலில் இறங்க வரும்போது பிஸ்டன் இன்ஜின் கைவிட்டுவிட்டது. விமானி ஜெட்டை இயக்கி, அதன் பலத்தில் மட்டுமே தளத்தில் இறங்கினார். அதையும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பாஸ் மார்க் மட்டும் போட்டார். மறுநாள் ஆய்வக உதவியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடும்மா. மார்க்கு ஏத்திப் போடுவாரு."

"நான் தப்பா இன்னா பேசினேன்?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் குறைந்த மார்க்கோடுதான் டிப்ளமோ முடித்தேன், சர்க்கரை ஆலை வேலைக்கு மனுப் போட்டேன். நேர்முகத்தில் அந்த மார்க்கைக் காட்டி ஏன் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வேலை கிடைத்தது.